ஒடுங்கிய வெளியும் குறிதவறா அடியும்: ஊவாவிலிருந்து நுவரெலியாக் கோல்ப் மைதானத்தை நோக்குதல்

மலையகம் பற்றிய நமது ஆய்வுகளில் குடிவரவு, கூலி, குடியுரிமை, நாட்டார் பாடல் என்பன பெற்ற இடத்தைத் துரைமாரின் ஓய்வுநேரம் பெற்றதில்லை. அது இயல்பே; லயத்து வாழ்வே முழுமையாக எழுதப்படாத நிலையில் கிளப்புகளின் வரலாறு யாருக்கு வேண்டும் என்ற வினா எழுவதில் வியப்பில்லை. ஆயினும், ஒரு வர்க்கம் தன் ஓய்வை எத்தகைய நிலத்தில், எவ்வகை விதிகளின் கீழ், எவருடைய தோளிற் பையை ஏற்றிக் கழித்தது என்பதும் சமூக வரலாற்றின் ஒரு கூறேயாகும். அதனினும் மேலாக, விளையாட்டொன்றின் உள்ளியல்பை அறியாது அதன் சமூகப் பொருளைப் பேசமுற்படுவது, யாப்பறியாது செய்யுளை விமர்சிப்பது போன்றதாகும். ஆதலின், நுவரெலியாக் கோல்ப் மைதானம் ஆட்டக்காரனிடம் கேட்பது யாது, ஏன் கேட்கிறது என்பதை முதலில் விளக்கி, அதன்பின் ஏனையவற்றுக்குச் செல்ல விரும்புகிறோம்.

நுவரெலியா நிருவாக எல்லைப்படி மத்திய மாகாணத்தைச் சேர்ந்தது. எனினும் ஊவாவின் தோட்டங்களுக்கும் அந்நகருக்கும் உள்ள தொடர்பு எல்லைக்கோட்டினால் அறுபடுவதன்று. பதுளையிலிருந்து ஹாலிஎல, வெலிமடை, ஹக்கலை வழியாக ஏறும் பெருந்தெரு நேரே அந்நகரிற் சென்று சேர்கிறது. ஊவா 1886ஆம் ஆண்டிலேயே தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேயே. இக்காலப் பகுதியின் தொடக்கத்தில், 1889இல், கோர்டன் ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்தோரின் முயற்சியால் நுவரெலியாவிற் கோல்ப் ஆட்டம் வேரூன்றியது என்பர். 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயினாற் கோப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அது. புதிய பயிரின் இலாபம் உறுதிப்பட்ட வேளையில், அப்புத்தளையிலும் பதுளையிலும் பசறையிலும் தனித்தனி மலைகளில் வாழ்ந்த துரைமார் கூடிக்களிக்க ஒரு சொந்த ஊர் தேவைப்பட்டது. 1876இல் தோன்றிய ஹில் கிளப்பும், அதன் எதிரே விரிந்த புற்றரையும் அத்தேவையை நிறைவு செய்தன.

ஊவாவுக்கும் இம்மைதானத்துக்கும் இன்னொரு விசித்திரமான உறவும் உண்டு. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ், ஊவாவின் தெருக்கள் பலவற்றைத் திறந்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர்பெற்றவர். 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. உடலோ நுவரெலியாவில், பின்னாளிற் கோல்ப் மைதானமாகிய வெளியை ஒட்டிய பழைய இடுகாட்டிற் கிடக்கிறது. அவர் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று கதை சொல்வார்கள். யானை நடமாடிய காடு எவ்வாறு பந்து உருளும் வெளியாயிற்று என்பதற்கு அக்கல்லினும் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கோல்ப் என்பது, தொடக்க மேடையொன்றிலிருந்து பந்தை அடித்து, இயன்றளவு குறைந்த அடிகளில் தொலைவிலுள்ள குழியொன்றில் வீழ்த்தும் ஆட்டம். மேடைக்கும் குழிக்கும் இடையே புல் ஒட்ட வெட்டப்பட்ட நடுவழி ஒன்று செல்லும். அதன் இருமருங்கும் உயரமான புல்; அதற்கப்பால், இடத்துக்கேற்ப, மணலோ நீரோ மரமோ இருக்கும். குழியைச் சூழ்ந்த மிக மெல்லிய புற்றரையைக் கிறீன் என்பர். ஒவ்வொரு குழிக்கும் திறமையுள்ளவன் எடுக்கத்தக்க அடிகளின் எண்ணிக்கையே பார். நுவரெலியாவின் பதினெட்டுக் குழிகளும் சேர்ந்து சுமார் 5,500 யார் நீளமுடையன. இக்காலப் பெரும் போட்டிகள் நடைபெறும் மைதானங்கள் 7,000 யாரைத் தாண்டுவதனை நோக்க, இது மிகக் குறுகியது. எண்ணை மட்டும் பார்ப்போர் இதனை எளிய மைதானம் என்றே முடிவு செய்வர். முதல் மூன்று குழிகளுக்குள் அம்முடிவு மாறிவிடும்.

இங்கு இடர் நீளத்தில் இல்லை, அகலத்தில் உள்ளது. பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் மரங்கள் நடுவழிகளின் இருபுறமும் சுவரெனச் செறிந்து நிற்கின்றன. நகரின் தெருக்கள் மைதானத்தை ஊடறுத்துச் செல்கின்றன, ஓடைகள் குறுக்கிடுகின்றன. ஒரு பள்ளத்தாக்கின் அடிப்பகுதியிற் கிடைத்த நிலத்துக்குள் பதினெட்டுக் குழிகளையும் அடக்கவேண்டியிருந்தமையால் ஒவ்வொன்றும் தன் அயலானை நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. அத்துடன், இம்மைதானம் தோன்றிய காலத்துப் பந்து வேறு. 1848 முதல் வழக்கிலிருந்த அப்பந்து, மலாயக் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபேர்ச்சாவினாற் செய்யப்பட்டது. சாதாரண ஆட்டக்காரன் அதனை 200 யாருக்கு அப்பாற் செலுத்துவது அரிது. அப்பந்துக்கு அளவாயிருந்த வெளி, அந்நூற்றாண்டின் இறுதியில் இரப்பர்ச் சுருள் உள்ளீடு கொண்ட பந்து வந்ததும் சுருங்கிவிட்டது. மரமோ ஆண்டுதோறும் கிளை பரப்புகிறது. நிலம் அப்படியே இருக்க, பந்து நீண்டும் வழி ஒடுங்கியும் வந்த கதைதான் இது.

ஒடுக்கம் என்பதன் பொருளைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். முப்பது யார் அகலமான நடுவழியொன்றைக் கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் பதினைந்து யார் உண்டு. பந்து 150 யார் சென்று விழுமாயின், அடி ஏறக்குறைய 5.7 பாகை வரை கோணினும் புல்லிலேயே நிற்கும். 200 யார் செல்லும் பந்துக்கு 4.3 பாகையே இடமுண்டு. 250 யார் செல்வதற்கு 3.4 பாகை மட்டுமே. அஃதாவது, வலிமை கூடுந்தோறும் பிழைக்கு மன்னிப்புக் குறைகிறது. திறந்த வெளியில் இவ்வுண்மை இருப்பினும் அது தெரிவதில்லை. கோணிய பந்து பக்கத்துப் புல்லில் விழும், அங்கிருந்து மீண்டும் அடிக்கலாம். மரச்சுவர் அதற்கு உடனடி விலையை அறவிடுகிறது.

மலைக் காற்றும் இதில் தலையிடுகிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு காற்று ஐதானது. ஆகவே பந்தின்மீதான தடை குறைந்து, கொழும்பிற் செல்வதைவிடச் சுமார் ஏழு விழுக்காடு அதிக தூரம் அது செல்லும். புதிதாக வரும் ஆட்டக்காரன் இதனைத் தன் திறமை எனக் கருதி மகிழ்வதுண்டு. ஆனால் 200 யாருக்கென அடித்த பந்து 214 யார் செல்லும்போது, 4.3 பாகைப் பிழையும் அதனைப் பதினாறு யார் விலக்கிவிடுகிறது. பந்து நடுவழியைத் தாண்டி மரநிழலில் விழுகிறது. ஐதான காற்றிற் பந்தின் சுழற்சியால் உண்டாகும் வளைவும் குறையும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதே காரணத்தால், மரத்தைச் சுற்றிப் பந்தை வேண்டுமென்றே வளைத்துச் செலுத்த முனைவோனுக்கு அது ஏமாற்றமாகவும் முடியும்.

பருவக் காற்றைப் பற்றியும் ஒரு சொல். தென்மேற்குப் பருவத்தில் மலைத்தொடரின் மேற்புறம் மழையில் நனைய, கிழக்குப்புறமாகிய ஊவாவில் வறண்ட காற்று வீசும். யூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைக் கொடுக்கிறது. அதே நாட்களில் நுவரெலியாவின் புல் ஈரத்திற் கனத்து, விழுந்த பந்து உருளாது ஒட்டிக்கொள்ளும். பண்டாரவளையிற் கொழுந்துக்கு நற்காலமாவது, ஹக்கலைக்கு அப்பால் ஆட்டத்துக்குக் கெட்டகாலமாகிறது.

மரத்துள் புகுந்த பந்தை விதிகள் எவ்வாறு நோக்குகின்றன என்பதை அறிந்தாலன்றி இவ்வாட்டத்தின் உளவியல் விளங்காது. தேடும் நேரம் முன்னர் ஐந்து நிமிடமாயிருந்தது. 2019இன் விதித் திருத்தத்தின்பின் மூன்று நிமிடமே. அதற்குள் கிடைக்காவிடின் பந்து தொலைந்ததாகும். மைதான எல்லைக்கு வெளியே போனதற்கும் இதே கதி. இரண்டுக்கும் ஓர் அடி தண்டமாகச் சேர்த்து, முன்பு அடித்த அதே இடத்திலிருந்து மீண்டும் அடிக்கவேண்டும். ஆகவே தண்டம் ஓரடி என்பது பெயரளவிலேதான், தூரமும் இழக்கப்படுகிறது. பந்து கிடைத்தும் வேரிடையே சிக்கி அடிக்க முடியாதிருப்பின், ஓரடித் தண்டத்துடன் இரு மட்டை நீளத்துக்குள் எடுத்து விடலாம். ஆனால் இரு மட்டை நீளத்துக்கு அப்பாலும் மரமே நிற்கும் இடத்தில் இச்சலுகை பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எனவே இத்தகைய மைதானத்தில் அறிவுள்ளவன் முதலிற் கைவிடுவது டிரைவர் என்னும் மிக நீண்ட மட்டையை. 340 யார் நீளமுள்ள நான்கு அடிக் குழியொன்றைக் கருதுக. டிரைவரால் 240 யார் அடிப்பவனுக்கு நூறு யார் எஞ்சும். இரும்பு மட்டையால் 190 யார் அடிப்பவனுக்கு 150 யார் எஞ்சும். இரண்டாம் அடியில் இருவரிடையேயும் உள்ள வேறுபாடு கையிலெடுக்கும் மட்டையின் எண் மட்டுமே. முதலாமவன் பந்து மரத்துள் சென்றுவிடின் அவன் இழப்பதோ ஒன்று அல்லது இரண்டு முழு அடிகள். அவ்வாறு சென்றுவிட்ட பின்னரும், இரு அடிமரங்களிடையே தெரியும் கையகல இடைவெளியூடாகக் கொடியை நோக்கி அடித்துவிடலாம் என்ற ஆசை எழும். அநேகர் ஆட்டத்தை இழப்பது முதற் பிழையினாலன்று, இவ்விரண்டாவது ஆசையினாலேயே. பந்தைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டி நடுவழிக்குக் கொணர்வதே இங்கு வீரம். பார்ப்போர் கைதட்டமாட்டார்கள் என்பது வேறு விடயம்.

நடுவழியில் நிற்பதும் போதாது, அதன் எப்பக்கத்தில் நிற்பது என்பதும் கணக்கில் வரும். வளைந்து செல்லும் வழியில் உள்வளைவை ஒட்டி நின்றால் தூரம் குறையும். ஆனால் கிளையொன்று குறிக்கு முன்னே தொங்கும். வெளிவளைவில் நின்றவனுக்குத் தூரம் கூடும். ஆனால் கொடி முழுதும் தெரியும். குழியிலிருந்து பின்னோக்கி மேடைவரை சிந்தித்து, இறுதி அடிக்கு எவ்விடம் நல்லதோ அவ்விடத்தை நோக்கி முதலடியை அடிக்கவேண்டும். சதுரங்கம் பழகியோர் இதனை விரைவிற் புரிந்துகொள்வர்.

உலகின் பிறவிடங்களிலும் இத்தகைய மைதானங்கள் உண்டு. ஆட்டம் பிறந்த ஸ்கொத்லாந்துக் கடற்கரையில் மரங்களே இல்லை. அங்கு இடர் காற்றும் மணற்குழியும். 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் வில்வித்தைப் பயிற்சிக்கு ஊறாகிறது என்று இவ்வாட்டத்தைத் தடைசெய்ததும் ஒரு சுவையான செய்தி. காட்டு மைதானம் பிற்காலத்தது. பெரும்பாலும் உல்லாசத் தலங்களைச் சார்ந்தது. அமெரிக்காவின் தென்கரோலினாத் தீவொன்றில் 1969இல் பீட் டை அமைத்த ஹார்பர் டவுன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீளமே பெருமை என்றிருந்த காலத்தில், சிறிய கிறீன்களும் ஒடுங்கிய மரவழிகளும் கொண்டு பெரும் ஆட்டக்காரரையும் சிந்திக்கவைத்தது அது. ஸ்பெயினின் வால்டராமாவில் தக்கை ஓக் மரங்கள் அதே வேலையைச் செய்கின்றன. மாற்றுக் கருத்தும் உண்டு: பென்சில்வேனியாவின் ஓக்மொன்ட் மைதானத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. மரம் ஆட்டக்காரனின் தெரிவைப் பறித்து ஒரே வழியிற் செல்லப் பணிக்கிறது என்பது அத்தரப்பின் வாதம். நாம் அதனை முழுவதும் ஏற்கவில்லை. ஒரே வழிதான் உண்டு என்றாலும், அவ்வழியே எத்துணை தூரம் செல்வது என்ற தெரிவு எஞ்சியே இருக்கிறது.

தமிழ்நாட்டின் கொடைக்கானலிலும் உதகையிலும் இதேபோன்று மலைவாசத்தலங்களை ஒட்டிக் கோல்ப் வெளிகள் எழுந்தன. அவற்றை இங்கு விரிக்கவில்லை. நமது வாதத்துக்கு மிகப் பொருத்தமானது டில்லிக் கோல்ப் கிளப்பின் லோதி மைதானம். அது மலையன்று, சமவெளி. ஆனால் நடுவழியை விட்டு விலகிய பந்து முட்புதருள் மறைந்துவிடும் அளவுக்கு ஒடுங்கியது. அங்கேயே 1991இல் இந்தியத் திறந்த போட்டியை வென்றவர் அலி ஷேர். கேடியாகத் தொழில் தொடங்கியவர். 2008இல் அதே மைதானத்தில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பியச் சுற்றின் பெரும் ஆட்டக்காரரை வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌரேசியா, கல்கத்தாவில் புற்றரை பேணும் தொழிலாளி ஒருவரின் மகன். இருவரும் நீள அடிக்குப் பெயர்பெற்றோரல்லர். இது தற்செயலன்று என்பது நமது கருத்து. நீள அடிக்கு உயர்ந்த விலை மட்டையும், ஊட்டமான உணவும், பயிற்றுநரும் வேண்டும். குறிதவறாமைக்கு வேண்டியது நிலத்தோடு நெடுநாட் பழக்கம், இரவல் மட்டை ஒன்று, எண்ணற்ற மணித்தியாலங்கள். இவற்றை உழைப்பாளியின் பிள்ளையும் சேர்க்கலாம். ஒடுங்கிய மைதானம் தன்னையறியாமலே ஒருவகைச் சமன்செய்யும் இயல்பைக் கொண்டுள்ளது.

இங்கு கேடி என்னும் சொல்லைச் சிறிது நோக்கவேண்டும். தமிழிற் பொலிஸ் வழக்கின் வழியாக அது போக்கிரியைக் குறிக்கும் வேறொரு சொல்லாகவும் நிலைத்துவிட்டது. இரண்டும் ஒலியளவில் ஒன்றே. கோல்ப் கேடி மட்டைப் பையைச் சுமப்பவர். ஆனால் சுமப்பது அவர் பணியின் சிறுபகுதியே. பந்து மரத்துள் எவ்விடத்திற் புகுந்தது என்பதைக் கண்ணால் அளந்து நேரே சென்று எடுப்பவர் அவர். மூன்று நிமிட விதி வந்தபின் அக்கண்ணின் பெறுமதி மேலும் உயர்ந்துள்ளது. கிறீனில் எப்பக்கம் சரிவு, காலை ஈரம் எப்போது காயும், பனிமூட்டம் இறங்குமுன் எத்தனை குழிகள் முடியும் என்பனவும் அவருக்கே தெரியும். மலைநாட்டுக் கிறீனிற் கண்ணுக்கு மேடாகத் தோன்றுவது சுற்றியுள்ள மலைகளின் மயக்கத்தால் உண்மையிற் பள்ளமாக இருத்தல் கூடும். ஆட்டக்காரன் நம்பவேண்டியது தன் கண்ணையன்று, பக்கத்தில் நிற்பவரின் விரலை. இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரரிற் பலர் இத்தொழிலினூடாக வந்தவர்களே. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் தனிநபர் போட்டியில் அநுர ரோஹண வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ந. தங்கராஜா பட்டம் வென்றுள்ளார். இத்தகைய பெயர்கள் இன்னும் சிலவே. கிளப்புகளின் சுவர்ப் பலகைகளிற் பொன்னெழுத்திற் பொறிக்கப்படுவன வென்றவரின் பெயர்களே; அவருக்கு எந்த மட்டையை எடுக்கவேண்டும் என்று சொன்னவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை.

தோட்டத்து உழைப்பிலும் இதே குறிதவறாமை நாளாந்தம் கோரப்படுகிறது என்பதை ஊவாவைச் சேர்ந்தோர் எவரும் அறிவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுதல், மட்டம் கெடாது கவ்வாத்து வெட்டுதல் ஆகியன விரலும் கண்ணும் இசைந்த நுண்திறன்களே. ஒன்று விளையாட்டெனப் போற்றப்பட, மற்றையது கூலி வேலையென எண்ணப்படுகிறது. உடலுழைப்பின் திறனை அளக்கும் அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களே அதற்குப் பெயரும் இடுகிறார்கள்.

இறுதியாக நிலம். நுவரெலியா மைதானம் ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்புடையது. அதனை மூடவேண்டும் என்று நாம் கூறவில்லை. நகரின் நடுவே மரங்களும் நீரோடையும் எஞ்சியிருப்பது நன்றே. புதிய உல்லாசத் தலங்களும் புதிய மைதானங்களும் மலைநாட்டுக்கு வரவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கணக்கை மட்டும் முன்வைக்க விரும்புகிறோம். தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச் காணி என்பது 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசின் கொள்கையாயிற்று. ஓர் ஏக்கர் 160 பேர்ச். நூறு ஏக்கரில் 2,285 குடும்பங்கள் அக்கணக்கின்படி குடியமரலாம். அதுவும் எத்தகைய நிலம்? கோல்ப் வெளிக்குத் தெரிவு செய்யப்படுவது மென்சரிவும் நல்ல வடிகாலும் உள்ள பள்ளத்தாக்கு. லயங்கள் எழுந்ததோ தேயிலைக்குப் பயன்படாத ஓரங்களிலும் மலைச்சரிவுகளிலும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் குடியிருப்புக்கு ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. மக்களை எங்கே குடியேற்றுவது என்பதற்கான நிலம் மட்டும் அந்த ஒன்பது ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை.